மறுவா, மருவா?

சென்ற வாரம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, எழுத்துப் பிழையைப் பற்றிய ஒரு வழக்கைக் கொண்டுவந்தது. எழுதியவர் ஒரு குடும்பத் தலைவி. “கழுத்திலும் கையிலும் கடுகு போலவும் மிளகு போலவும் தோலில் முளைக்கிறதே, அதை எழுதும்போது இடையின ரகரம் போடுவதா, வல்லின றகரம் போடுவதா? ‘மறு’ என்பது என் மாமியாரின் கட்சி. ‘மரு’ என்பது கல்லூரியில் படிக்கும் என் பெண்ணின் கட்சி. நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் நான். தாங்கள்தாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும்” என்று கேட்டிருந்தார்.

பாட்டிக்கும் பேத்திக்கும் நடக்கும் வழக்கில் அந்நியர் தலையிடுவது அபாயம். ஆயினும், சொற்களைப் பற்றி எழுதுவது என்று இந்தப் பகுதியை ஆரம்பித்தபோதே அந்த அபாயத்தை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆகவே தீர்ப்பு எழுதப் பேனாவை எடுத்தோம். அப்பொழுதுதான் கடிதத்தின் அடியில், நெருக்கமான சிறு எழுத்துக்களில், ஒரு பின்குறிப்பு கண்ணில் பட்டது.

“இவ்வளவு விசாரணைக்கும் காரணம் என் பெண்ணின் கழுத்தில் இருக்கும் நாலைந்து மருக்களே. தை பிறந்ததும் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்தால் உதிர்ந்துவிடும் என்று அண்டை வீட்டார் சொல்லுகிறார்கள். வைக்கலாமா?”

கடிதங்களின் உயிர் பெரும்பாலும் பின்குறிப்பில்தான் இருக்கும். இந்தக் கடிதத்திலும் அப்படியே. எனினும், கேட்ட கேள்வியை விட்டுவிட்டுக் கேளாத கேள்விக்கு ஓடுவது முறையன்று. முதலில் எழுத்து வழக்கை முடித்துவிட்டு, பிறகு கழுத்து வழக்குக்கு வருவோம்.

பாட்டியின் கட்சி மிகவும் பழமையானது. ‘மறு’ என்றால் கறை, களங்கம், புள்ளி என்று பொருள். நம் முன்னோர்கள் இந்தச் சொல்லை உச்சரித்தவுடன் அவர்கள் மனக்கண்ணில் தோன்றியது சந்திரன். வள்ளுவர் இதனை இரண்டு இடங்களில் சந்திரனோடு சேர்த்தே ஆளுகிறார். குடிமை என்னும் அதிகாரத்தில், நல்ல குடியில் பிறந்தவரிடம் உள்ள குற்றம், வானத்துச் சந்திரனிடம் உள்ள மறுவைப் போல் ஊரார் எல்லாருக்கும் தெரியும் என்கிறார். காமத்துப் பாலிலோ, தேய்ந்து வளரும் சந்திரனுக்கு இருப்பதுபோல் இவள் முகத்தில் மறு உண்டா என்று காதலனைக் கேட்க வைக்கிறார். ஒரே மறு, ஓரிடத்தில் குற்றத்துக்கு உவமை. மற்றோரிடத்தில் அழகை அளக்கும் கோல்.

‘மாசு மறுவற்ற’ என்று நாம் இன்றும் எழுதுகிறோம். ஆனால் மறு எப்போதும் குற்றமே என்று எண்ணிவிட வேண்டாம். திருமாலின் திருமார்பில் விளங்கும் அடையாளத்துக்குத் ‘திருமறு’ என்றே பெயர். கடவுளின் மார்பில் இருந்தால் மறுவும் திருவாகிறது. இது மட்டுமா? பிறந்த குழந்தை அப்பழுக்கில்லாமல் இருந்தால் நம் வீட்டுத் தாய்மார்களுக்கு மனம் பொறுப்பதில்லை. கண்ணேறு பட்டுவிடும் என்று, கன்னத்தில் மையால் ஒரு மறுவைத் தாங்களே உண்டாக்கிவிடுகிறார்கள்! பாட்டிகள் முயல் என்றும், வடை சுடும் கிழவி என்றும் குழந்தைகளுக்குக் காட்டிய சந்திரனின் மறுதான் என்ன? பழங்காலத்தில் எரிமலைக் குழம்பு பாய்ந்து உறைந்த கருநிறச் சமவெளிகளே அவை என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். 1969-இல் மனிதன் முதன்முதலாகச் சந்திரனில் கால் வைத்ததும் அந்த மறுக்களில் ஒன்றின் மேல்தான்.

இனிப் பேத்தியின் கட்சி. நம்மில் பெரும்பாலோர் பேச்சில் ரகரமும் றகரமும் ஓசையில் ஒன்றாகிவிட்டன. ஓசை ஒன்றான பிறகு எழுத்து இடம் மாறுவது உலக இயல்பு. இப்படி வழக்கில் சிதைந்து நிலைபெற்ற சொல்லை இலக்கணக்காரர்கள் ‘மரூஉ’ என்பார்கள். மறு மருவி மருவாயிற்று என்று சொல்லிச் சிரிப்பதற்கு இடமிருக்கிறது. சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இன்று பத்திரிகைகளிலும் வைத்தியக் கட்டுரைகளிலும், தோலின்மேல் முளைத்து நிற்பதற்கு ‘மரு’ என்று எழுதுவதே பெருவழக்கு. மருக்கொழுந்தின் மணத்தைக் குறிக்கும் மருவோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. இடத்தைப் பார்த்து யாரும் பொருள் தெரிந்துகொள்வார்கள்.

ஆகவே நமது தீர்ப்பு இது. தோலில் தட்டையாகப் படிந்திருக்கும் கறை மறு. மேடாக முளைத்திருப்பது மரு. சந்தேகம் வந்தால் விரலால் தடவிப் பார்த்துவிட்டு எழுதலாம். விரலில் தட்டுப்பட்டால் இடையினம், தட்டுப்படாவிட்டால் வல்லினம். பாட்டியும் ஜயித்தார், பேத்தியும் ஜயித்தாள். செலவுத் தொகை யாருக்கும் இல்லை.

ஆனால் விரல் எழுத்துக்குத்தான் சாட்சி. வைத்தியத்துக்குச் சாட்சி ஆகாது. ‘மரு’ என்னும் ஒரு பெயரின் கீழ் நாம் குறைந்தது நான்கு வேறு வேறு விஷயங்களைச் சேர்த்துக் குவித்து வைத்திருக்கிறோம். பெயர் ஒன்றாகையால் மருந்தும் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். விபரீதம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

முதலாவது, பாலுண்ணி. விரல்களிலும் முழங்காலிலும், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, சொரசொரப்பாக எழும்புவது இது. மாட்டின்மேல் உண்ணி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் பொருத்தமாகவே தோன்றும். இது தொற்றக்கூடியது. இத்தாலி தேசத்து வைத்தியர் சியூஃபோ என்பவர், மருவை அரைத்து, பாக்டீரியாக்களும் நுழைய முடியாத வடிகட்டியில் வடித்த நீரால்கூட மரு உண்டாகும் என்று 1907-இல் காட்டினார். பாக்டீரியாவைவிடச் சிறிய வைரஸ் கிருமியே காரணம் என்பது அதனால் விளங்கிற்று. இந்த வைரஸ் குடும்பத்தில் இப்பொழுது 200-க்கு மேற்பட்ட வகைகளைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஒரே துண்டு, ஒரே சவரக் கத்தி, நகத்தால் கிள்ளுவது, பல்லால் கடிப்பது ஆகியவை இதனைப் பரப்பும் வழிகள்.

இரண்டாவது, கழுத்திலும் அக்குளிலும் கண்ணிமையிலும் மெல்லிய காம்போடு தொங்கும் மிருதுவான மரு. இதுவும் பெயரளவில் மருவே. ஆனால் பிறருக்குத் தொற்றுவதில்லை. தோலோடு தோல் உராயும் இடங்களில் அதிகமாக வரும். நடுவயதில் பலருக்கு உண்டாகும். உடல் பருத்தவர்களுக்கு இன்னும் அதிகம். இதனால் கெடுதல் இல்லை. ஆயினும், குறுகிய காலத்தில் பல தோன்றி, கூடவே பிடரியில் கருமையும் தடிப்பும் காணுமானால், ரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது புத்திசாலித்தனம். கழுத்தில் அழுக்கு என்று நினைத்துத் தேங்காய் நார் கொண்டு தேய்ப்பதால் அந்தக் கருமை போகாது.

மூன்றாவது, காலாணி. பொருந்தாத செருப்பினாலும் ஓயாத அழுத்தத்தினாலும் தோல் தடித்து உள்நோக்கி இறுகுவது காலாணி. ஆனால் பாலுண்ணியே பாதத்தில் வந்தால், உடலின் பாரத்தால் உள்ளே அமுங்கி, காலாணி போலவே வேஷம் போடும். மேல்தோலைச் சீவினால் கரும்புள்ளிகள் தெரிகின்றனவா? அவை சின்னஞ்சிறு ரத்தக் குழாய்கள் உறைந்தவை. அப்படியானால் அது காலாணி அன்று, பாலுண்ணி. வீட்டில் பிளேடு கொண்டு சீவுகிறவர்கள் ஆணியைப் பிடுங்குவதாக எண்ணிக்கொண்டு விதையைத் தூவுகிறார்கள்.

நான்காவது, மச்சம். தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் ஓரிடத்தில் கூடுவதால் ஏற்படுவது இது. சில மச்சங்கள் தட்டையாக இருக்கும். சில மேடாக இருந்து மருவைப் போல் ஏமாற்றும். நம் மக்களுக்கு மச்சத்தின்மேல் தனி அபிமானம். பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் கேட்டால் உடனே கை கொடுப்பது அதுதான். அதிர்ஷ்டம் வந்தவனை ‘மச்சக்காரன்’ என்கிறோம். எந்த இடத்தில் இருந்தால் என்ன பலன் என்று சொல்ல ஒரு சாஸ்திரமே இருக்கிறது. மீனுக்கும் மச்சம் என்று பெயர் இருப்பதால், ‘மச்சம் பெரிதாகிவிட்டது’ என்று எழுதினால் குளத்து மீனா, கன்னத்துப் புள்ளியா என்று மயங்கவும் இடமுண்டு.

குளத்து மீன் பெரிதானால் சந்தோஷப்படலாம். கன்னத்துப் புள்ளியோ காலடிப் புள்ளியோ பெரிதானால் அலட்சியம் கூடாது. வெகு காலமாக இருந்த மச்சம் திடீரென்று வளர்ந்தாலும், ஓரம் கோணலாகிக் கரைந்தாலும், ஒன்றுக்கு மேற்பட்ட நிறங்கள் காட்டினாலும், அரித்தாலும், ரத்தம் கசிந்தாலும் அதைத் தோல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மச்சத்திலிருந்து பிறக்கும் புற்றுநோய் நம் நாட்டில் அபூர்வம்தான். ஆனால் கருநிறம் படைத்தவர்களுக்கு அது வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி என்று யாரும் பார்க்காத இடங்களையே பெரும்பாலும் தேடிப் பிடிக்கிறது. ஜமைக்கா தீவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லியின் கால் விரலில் வந்ததைப் பந்தாட்டக் காயம் என்றே முதலில் எண்ணினார்கள். நோய் இன்னதென்று 1977-இல் தெரிந்தது. 1981-இல், 36-ஆம் வயதில், அவர் காலமானார். காலடியில் புதிதாகத் தோன்றிய கரும்புள்ளிக்கு ராஜயோகப் பலன் பார்க்கிறவர்கள் இதனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இப்பொழுது, அண்டை வீட்டார் சொன்ன சுண்ணாம்புக்கும் சோடாவுக்கும் வருவோம். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் தண்ணீரில் கலந்தால் காஸ்டிக் சோடா பிறக்கிறது. சோப்புத் தொழிலில் கொழுப்பைக் கரைக்க உதவுவது அதுவே. அந்தக் காரத்துக்கு மரு எது, தோல் எது என்று பகுத்தறியும் ஞானம் கிடையாது. எட்டிய வரையில் கரைத்துக்கொண்டே போகும். நமது அத்தை ஒருவர் இளம் வயதில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவர். மரு உதிர்ந்தது உண்மை. மரு இருந்தபோது மிளகளவு. அது போன இடத்தில் நின்ற தழும்போ புளியங்கொட்டை அளவு. கடைசி வரையில் அத்தை புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டே இருந்தார். ஏன் என்று சிறு பிள்ளைகளாகிய நாங்கள் கேட்டபோதெல்லாம், “காற்று அடிக்கிறது” என்பார். சித்திரை மாதத்திலும் அத்தைக்குக் காற்று அடித்தது.

எருக்கம்பால், கள்ளிப்பால் ஆகியவற்றின் கதையும் இதுவே. கண்ணிமை மருவுக்கு வைக்கப் போய், ஒரு துளி உள்ளே விழுந்தால் கருவிழி பழுதாகிவிடும். காம்பை நூலால் இறுகக் கட்டுவதும் குதிரை மயிரால் கட்டுவதும் சீழ் பிடிக்க வழி செய்யும்.

“அப்படியானால் இத்தனை கைவைத்தியங்களுக்கும் இவ்வளவு கீர்த்தி எப்படி வந்தது?” என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பாலுண்ணிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது தானாகவே விடைபெற்றுக்கொள்ளும். குழந்தைகளுக்கு வருபவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, எந்த மருந்தும் இல்லாமலே 2 வருஷங்களுக்குள் மறைந்துவிடுகின்றன. உடம்பின் காவற்படை கிருமியைக் கண்டுபிடித்து ஒழித்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் என்ன தடவிக்கொண்டிருந்தோமோ, அதற்குப் புகழ் போய்ச் சேருகிறது. வைத்தீசுவரன் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கிறவர்களையும், உப்பும் மிளகும் காணிக்கை போடுகிறவர்களையும் நாம் பரிகசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எல்லாக் கைவைத்தியங்களிலும் அதுவே தோலைச் சுடாத வைத்தியம். பொறுமையோடு காத்திருக்க அது கற்றுக்கொடுக்கிறது. குழந்தையின் மருவுக்குப் பொறுமையைவிடச் சிறந்த மருந்து இல்லை. மச்சம் மாறும்போது மட்டும் பொறுமை உதவாது.

பொறுக்க முடியாதவர்களுக்கும் வைத்தியரிடம் வழி இருக்கிறது. பாலுண்ணியைச் சாலிசிலிக் அமிலத்தால் சிறிது சிறிதாகக் கரைக்கலாம்; பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனால் உறைய வைத்து உதிர்க்கலாம். தொங்கும் மருவை மின்சாரத்தால் சுட்டோ கத்தரித்தோ சில நிமிஷங்களில் எடுத்துவிடுகிறார்கள். எது எந்த மரு என்று தெரிந்த கை செய்ய வேண்டிய வேலை அது.

பெண் குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு இந்தச் சொல்லின் குடும்பத்தைப் பற்றி இன்னும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கையில் வரும் பாலுண்ணி புற்றுநோய் ஆகிவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில வகைகள், தோலில் மரு எதையும் காட்டாமல், கருப்பையின் வாயில் புற்றுநோயை உண்டாக்குகின்றன. இதனைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அந்தப் புற்றுநோயில் நூற்றுக்குச் சுமார் 70 பங்கு, 16, 18 என்று எண்ணிடப்பட்ட இரண்டே வகைகளால் வருகிறது. அவற்றைத் தடுக்கும் ஊசி 2006 முதல் உலகில் வழங்கி வருகிறது. நம் நாட்டிலேயே தயாரான ஊசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. 9 வயது முதல் 14 வயதுக்குள் போட்டுக்கொள்வதே உத்தமம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. வீட்டில் அந்த வயதில் பெண் இருந்தால், மருவைப் பற்றிய இந்தப் பேச்சு அதை நினைவூட்டியதாக இருக்கட்டும்.

இனி, பின்குறிப்புக்குப் பதில். சகோதரி! சுண்ணாம்பு வைக்க வேண்டாம். தைக்கு முன்பு ஒரு நாள் பெண்ணை அழைத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள். அது தொங்கும் மருவா, பாலுண்ணியா, மச்சமா என்று அவர் சொல்லட்டும். பெண்ணுக்கு இஷ்டமானால் எடுத்துவிடுங்கள், இஷ்டமில்லையானால் இருக்கட்டும். கழுத்து அவளுடையது.

நமக்குத் தோன்றுவதைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறோம். உங்களை அச்சுறுத்துவது மரு அன்று. அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கும் பழைய ‘மறு’. கடுகளவு தசை முளைத்ததைக் குற்றம் என்று சொல்லும் அந்தப் பழைய பொருள்தான் வீட்டார் மூவரையும் எழுத்துக்காகச் சண்டையிட வைத்தது; சுண்ணாம்புக் கிண்ணத்தையும் எடுத்து வரச் செய்தது. இடையின ரகரம் போட வேண்டும் என்று உங்கள் பெண் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தாள் என்று இப்பொழுது உங்களுக்குப் புரிந்திருக்கலாம். பாட்டி ‘மறு’ என்று சொன்னபோதெல்லாம் அவள் காதில் ‘குறை’ என்று விழுந்திருக்கிறது. சொல்லை மாற்றினால் பழியும் மாறிவிடும் என்று அந்தக் குழந்தை நினைத்திருக்கிறாள். அவள் நினைத்தது முற்றிலும் தவறு அன்று.

பார்க்க வருகிறவர்கள் கழுத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “அது என்ன, மறுவா?” என்று கேட்டால், “இல்லை, மரு” என்று பெண்ணே பதில் சொல்லட்டும். அந்த இரண்டெழுத்தின் வித்தியாசம் புரிகிற வீடு நல்ல வீடு. புரியாத வீடானால், தையோடு உலகம் முடிந்துவிடவில்லை. மாசியும் பங்குனியும் பின்னால் வருகின்றன.